கை கால் இரத்தக் குழாய்க் காயங்கள்: அறியும் முறையும் சிகிச்சையும்

கை கால்களில் பலத்த அடிபட்டவரைக் காண்போரின் கவனம் முதலில் எலும்பின்மீது செல்வது இயல்பு. எலும்பு கோணியிருப்பதையும் தோல் கிழிந்திருப்பதையும் எவரும் காணலாம். அவ்வெலும்பை ஒட்டிச் செல்லும் இரத்தக் குழாய் அறுந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, உட்புறம் கிழிந்து அடைபட்டிருக்கிறதா என்பது மட்டும் வெளிப்படையாகத் தெரிவதில்லை. முறிந்த எலும்பைச் சில நாட்கள் கழித்துப் பொருத்தினாலும் அது பெரும்பாலும் கூடிவிடும். இரத்தம் பெறாத தசையும் நரம்பும் அவ்வாறு காத்திருப்பதில்லை. இரத்த ஓட்டம் முற்றிலும் தடைப்பட்ட கையோ காலோ ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் மீண்டும் இரத்தம் பெறாவிடில் மீளாத சேதம் அடையத் தொடங்குகிறது. அதன்பின் திறமை வாய்ந்த ரண சிகிச்சை நிபுணராலும் செய்யக்கூடியது குறைவே.

இத்தகைய காயங்களுக்கான வாய்ப்புக்கள் நம் நாட்டில் மிகுதி. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துக்கள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். சாலையை விட்டு வயலுக்குச் சென்றால், கதிரடிக்கும் இயந்திரத்திலும் தீவனம் நறுக்கும் இயந்திரத்திலும் கை அகப்படுவதைக் காணலாம். விசைக் கதிரடிப்பு இயந்திரங்களை ஒழுங்குபடுத்த 1983-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. மாட்டின் கொம்பு தொடையில் பாய்வது, உடைந்த கண்ணாடி மணிக்கட்டை அறுப்பது, சிறுவர் மரத்திலிருந்து வீழ்வது ஆகியவையும் இவ்வகையினவே.

இவ்விடங்களில் முதல் ஒரு மணி நேரம் அருகில் இருப்பவர் ரண சிகிச்சை நிபுணர் அல்லர். கிராமச் சுகாதார ஊழியரோ, பள்ளி ஆசிரியரோ, வழிப்போக்கரோதான் இருப்பர். அவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இரத்தம் வெளியே போகிறதா என்பது முதலாவது. காயத்துக்குக் கீழே இரத்தம் போய்ச் சேருகிறதா என்பது இரண்டாவது. முதற் கேள்வியைக் கேளாதவர் இல்லை. இரண்டாவதைக் கேட்போர் மிகச் சிலர். கண்ணுக்குத் தெரியும் இரத்தப்போக்கு உயிரைப் பறிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அடைப்பு உறுப்பைப் பறிக்கிறது.

குழாய்களின் அமைப்பு

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள் தமனிகள் எனப்படும். இதயத்துக்குத் திருப்பிக் கொணர்பவை சிரைகள். தமனியில் ஓடும் இரத்தம் பிராணவாயு நிறைந்தது. ஆதலின் பளிச்சென்ற செந்நிறம் உடையது. இதயம் சுருங்குந்தோறும் அது உந்தப்படுவதால், அறுந்த தமனியிலிருந்து இரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீறிட்டு வெளிவரும். சிரையின் இரத்தம் கருஞ்சிவப்பானது. பீறிடாமல் ஒரே சீராக வழியும். எனினும் பெரிய சிரை அறுந்தாலும் உயிருக்கு அபாயம் உண்டு.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உள்ளது. 20 கிலோகிராம் எடையுள்ள சிறுவனிடம் இருப்பது சுமார் ஒன்றரை லிட்டர் மட்டுமே. பெரியவர் ஒருவர் தாங்கிக்கொள்ளும் அரை லிட்டர் இழப்பு, அச்சிறுவனுக்கு மூன்றில் ஒரு பங்கு இழப்பாகும். குழந்தைகளின் காயத்தில் சிந்திய இரத்தத்தைக் குறைவாக மதிப்பிடுதல் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியடுக்கு உறுதியானது. நடுவடுக்கு தசையால் ஆனது. சுருங்கவும் விரியவும் வல்லது. உள்ளடுக்கு மெல்லிய வழவழப்பான சவ்வு. இவ்வுள்ளடுக்கு பழுதின்றி இருக்கும்வரை இரத்தம் உறைவதில்லை. அது கிழிந்தால் அவ்விடத்தில் இரத்தம் உறையத் தொடங்குகிறது.

கையின் பெருந்தமனி மேற்கையின் உட்புறமாக இறங்கி, முழங்கையின் முன்புறத்தைக் கடந்து இரண்டாகப் பிரிகிறது. காலின் பெருந்தமனி தொடை இடுக்கின் நடுவே நுழைந்து, தொடையின் உட்புறமாகச் சென்று, முழங்காலின் பின்குழியை அடைகிறது. இப்பாதையில் முழங்கையும் முழங்காலும் இடர் மிகுந்தவை. அங்கே குழாய் எலும்பை நெருங்கி ஒட்டிச் செல்கிறது.

காயம் ஏற்படும் விதங்கள்

தமனி முற்றிலும் அறுபடுதல் ஒரு விதம். அறுந்த இரு முனைகளும் உள்வாங்கிச் சுருங்கிக்கொள்வதால், சில நிமிடங்களில் இரத்தப்போக்கு தானே குறைந்துவிடுவதும் உண்டு. ‘இரத்தம் நின்றுவிட்டது, அபாயம் நீங்கிவிட்டது’ என்று எண்ணுதல் தவறு. உறைந்த இரத்தத்தின் அடைப்பு எந்நேரமும் கழன்று மீண்டும் பீறிடக்கூடும். அன்றியும் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் செல்லும் வழி அறுந்தது அறுந்ததே.

பாதி அறுபடுதல் இரண்டாவது விதம். இதில் எஞ்சிய சுவர் முனைகளை உள்வாங்க விடாது இழுத்துப் பிடித்திருப்பதால் வாய் திறந்தபடியே இருக்கும். ஆகவே முழுதும் அறுந்த தமனியைவிடப் பாதி அறுந்த தமனி நீண்ட நேரம், அதிக அளவில் இரத்தம் பெருக்குகிறது. சில வேளைகளில் காயத்துக்குக் கீழே நாடியும் தென்படும். எனவே நாடி உண்டு என்பது கொண்டு குழாய்க்குக் காயமே இல்லை எனத் தீர்மானித்தல் ஆகாது.

மூன்றாவது விதமே மிகவும் ஏமாற்றுவது. தோலில் கீறல்கூட இல்லாதபோதும் இது நிகழும். எலும்பு நழுவும்போது தமனி வேகமாக இழுபடுகிறது. உறுதியான வெளியடுக்கு தாங்கிக்கொள்கிறது. மெல்லிய உள்ளடுக்கு கிழிந்துவிடுகிறது. சட்டைக்கையின் உட்துணி கிழிந்து மடிந்து, கையை நுழையவிடாது தடுப்பதுபோல, கிழிந்த உள்ளடுக்கு மடிந்து இரத்தத்தின் வழியை மறிக்கிறது. அதன்மேல் இரத்தம் உறைந்து, சில மணி நேரத்தில் அடைப்பு முழுமையாகிறது. ஒரு துளி இரத்தமும் வெளிவராது. காலையில் இருந்த நாடி மாலையில் இல்லாமற் போவது இவ்வாறுதான்.

முழங்கால் மூட்டு நழுவும்போது இது நேர்வதற்குத் தனிக் காரணம் உண்டு. முழங்காற் குழியின் தமனி, மூட்டுக்கு மேலே தொடைத் தசைநாரின் இடைவெளியிலும் கீழே கெண்டைக்காலின் தசைவளைவிலும் பிடிபட்டிருக்கிறது. இரு முனையும் கட்டிய கயிற்றின் நடுவே இழுத்தால் என்னாகுமோ அதுவே ஆகிறது. நழுவிய முழங்கால் பல வேளைகளில் தானே இடத்தில் சேர்ந்துவிடும். பார்ப்பவருக்கு வெறும் வீங்கிய முழங்காலாகவே தோன்றும். எனவே முழங்கால் பலமாகத் திருகிய எவரிடத்தும் பாதத்தின் நாடியைப் பார்த்தாக வேண்டும்.

அறியும் முறை

நாடி பார்ப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கட்டைவிரலைப் பயன்படுத்தலாகாது, பார்ப்பவரின் சொந்த நாடியே அதில் தென்படக்கூடும். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் மெதுவாக வைத்தல் வேண்டும்.

கையில் பார்க்கும் இடம், மணிக்கட்டின் முன்புறம் கட்டைவிரலின் பக்கம். காலில் இரண்டு இடங்கள் உள்ளன. பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேரான கோட்டின் நடுப்பகுதி ஒன்று. உட்கணுவின் பின்புறம் மற்றொன்று. காயமடையாத பக்கத்தில் முதலில் பார்த்து, பின்னர் காயமடைந்த பக்கத்தில் பார்க்க வேண்டும். ஒப்பிட்டாலன்றிக் குறைவு புலப்படாது. நாடி தென்பட்ட இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி இட்டுவைத்தால், வழியில் மீண்டும் பார்ப்பவருக்கு எளிதாகும்.

நாடியுடன் வேறு ஐந்து குறிகளையும் கவனிக்க வேண்டும். அவை வருமாறு: கடுமையான வலி, தோல் வெளிறுதல், மற்றப் பக்கத்தைவிடக் குளிர்ந்திருத்தல், விரல்கள் மரத்துப்போதல், விரல்களை அசைக்க இயலாமை. இறுதி இரண்டும் நரம்பும் தசையும் பட்டினி கிடப்பதன் அறிகுறிகள். அவை தோன்றியபின் தாமதத்துக்கு இடமே இல்லை. கருநிறத் தோல் உடையவரிடம் வெளிறுதலை நகத்தின் அடியிலும் உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் காண்பது நலம். நகத்தை அழுத்திவிட்டால், 2 வினாடிக்குள் சிவப்பு நிறம் திரும்ப வேண்டும். அதற்கு மேலாயின் ஐயத்துக்கு இடம் உண்டு.

விரைந்து பெருகும் வீக்கம், வீக்கத்தின்மேல் கை வைத்தால் உணரப்படும் துடிப்பு அல்லது அதிர்வு, பீறிடும் இரத்தம், நாடியின்மை, குளிர்ந்து வெளிறிய உறுப்பு ஆகியவை உறுதிக் குறிகள். இவற்றுள் ஒன்று இருப்பினும் தமனிக்குக் காயம் உண்டென்றே கொள்ள வேண்டும். ‘குழாய் பயந்து சுருங்கியிருக்கும், சற்று நேரத்தில் சரியாகிவிடும்’ என்று கருதிக் காத்திருந்ததனால் இழந்த கால்கள் பல.

விபத்து நிகழ்ந்த இடத்தில் செய்ய வேண்டியவை

இரத்தம் பெருகினால், சுத்தமான துணியை மடித்து, பெருகும் இடத்தின்மேலேயே வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்த வேண்டும். காயம் ஆழமாயின் துணியை அதனுள் திணித்து அழுத்த வேண்டும். குறைந்தது 10 நிமிடம் கையை எடுக்கக் கூடாது. ‘நின்றுவிட்டதா’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பவர், உறையத் தொடங்கிய இரத்தத்தைத் தாமே கலைத்துவிடுகிறார். துணி நனைந்துவிட்டால் அதை அகற்றாமல், அதன்மேல் மற்றொன்றை வைத்து, சரியான இடத்தில் அழுத்தம் விழுகிறதா என்று பார்த்து மேலும் பலமாக அழுத்த வேண்டும். காயத்தில் குத்தி நிற்கும் கத்தி, கம்பி, கட்டை முதலியவற்றைப் பிடுங்குதல் கூடாது. அவையே குழாயின் வாயை அடைத்திருக்கக்கூடும்.

இரத்தம் நின்றபின், அல்லது இரத்தமே வராத காயமாயின் தொடக்கத்திலேயே, நாடி பார்க்க வேண்டும். பின்னர் உறுப்பு அசையாதபடி சிம்பு வைத்துக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு மறுபடியும் நாடி பார்க்க வேண்டும். கட்டுவதற்குமுன் இருந்த நாடி கட்டியபின் இல்லையெனில், கட்டு இறுகிவிட்டது என்று பொருள். உடனே தளர்த்த வேண்டும்.

இறுக்குக்கட்டு

நேரடி அழுத்தத்தால் நிற்காத இரத்தப்போக்கிலும், உறுப்பு துண்டிக்கப்பட்ட காயத்திலும் இறுக்குக்கட்டு உயிர் காக்கும். பாரிஸ் நகரத்து ழான் லூயி பெத்தி 1718-ஆம் ஆண்டில் திருகாணியால் இறுக்கும் கருவியொன்றை அமைத்தது முதல் இது ரண சிகிச்சையில் நிலைபெற்றது. தவறாகக் கட்டினால் இதுவே கேடும் விளைக்கும்.

குறைந்தது 4 சென்டிமீட்டர் அகலமுள்ள துணிப்பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல் சுற்ற வேண்டும். முடிச்சின்மீது ஒரு குச்சியை வைத்து மீண்டும் முடிந்து, இரத்தம் முற்றிலும் நிற்கும்வரை குச்சியைத் திருக வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் சிரைகள் மட்டும் அடைபட்டுத் தமனியின் ஓட்டம் தொடர்வதால் இரத்தப்போக்கு முன்னிலும் மிகும். கயிறு, சணல், மின்கம்பி ஆகியவை தசையையும் நரம்பையும் வெட்டிவிடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கட்டிய நேரத்தை ஒரு சீட்டில் எழுதிச் சட்டையில் குத்த வேண்டும். நெற்றியில் எழுதினும் குற்றமில்லை. 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சேர்க்க வேண்டும். வழியில் அவ்வப்போது தளர்த்திவிடுதல் கூடாது. ஒவ்வொரு தளர்த்தலிலும் இழக்கும் இரத்தம் சேர்ந்து உயிரைப் போக்கிவிடும். பாம்புக்கடிக்கு இறுக்குக்கட்டு போடும் பழக்கம் இன்னும் உள்ளது. அதனால் விஷம் தடைப்படுவதில்லை, உறுப்பே அழுகிப்போகக்கூடும். ஆதலின் பாம்புக்கடிக்கு இதைப் பயன்படுத்தலாகாது.

செய்யத் தகாதவை

குளிர்ந்த காலைச் சூடாக்க வெந்நீர்ப் பையோ, ஒத்தடமோ கொடுக்கலாகாது. உணர்ச்சியற்ற தோல் எளிதில் வெந்துவிடும். அன்றியும் வெப்பம் மிகுந்தால் பட்டினி கிடக்கும் தசையின் பிராணவாயுத் தேவையும் மிகும். எண்ணெய் தேய்த்து நீவுதல், பனிக்கட்டி வைத்தல் ஆகியவையும் தீங்கானவை. நாடியற்ற உறுப்பை உயரத் தூக்கி வைக்காமல் இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். ரண சிகிச்சை தேவைப்படலாம் ஆதலால் உணவு கொடுத்தலையும் தவிர்க்க வேண்டும்.

துண்டிக்கப்பட்ட விரலையோ கையையோ ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து நோயாளியுடன் அனுப்ப வேண்டும். பனிக்கட்டியின்மேல் நேரே வைத்தால் அது உறைந்து கெட்டுவிடும்.

பள்ளிக்கூடத்தில் ஓர் எடுத்துக்காட்டு

நேரத்தின் மதிப்பை விளக்க, பல பள்ளிகளில் நிகழக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காலை 11 மணிக்குக் கொய்யா மரத்திலிருந்து கையை ஊன்றி வீழ்கிறான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுவரிடம் மிகுதியாகக் காணப்படும் முறிவு இது. முறிந்த எலும்பின் கூரிய முனை, முன்புறம் செல்லும் தமனியைக் குத்தவோ மடக்கவோ கூடும். தோலில் காயம் இல்லை, இரத்தம் இல்லை.

ஒரு வழி பின்வருமாறு. கட்டுப்போடுபவரிடம் சிறுவன் கொண்டுசெல்லப்படுகிறான். மூங்கில் தப்பைகள் வைத்து இறுக்கிக் கட்டப்படுகின்றன. இரவெல்லாம் சிறுவன் அழுகிறான். முறிவுக்கு வலி இயல்பே என்று பெற்றோர் தேற்றுகின்றனர். விடியற்காலையில் அழுகை நிற்கிறது. வலி நீங்கியதாக வீட்டார் மகிழ்கின்றனர். நரம்பு உணர்விழந்ததனால் நின்ற அழுகை அது. கட்டைப் பிரிக்கும்போது விரல்கள் வீங்கிக் குளிர்ந்து அசைவற்று உள்ளன. சில வாரங்களில் முன்கைத் தசைகள் நாராகிச் சுருங்க, விரல்கள் உள்நோக்கி மடங்கி, பேனா பிடிக்க இயலாத கையாக அது நிலைத்துவிடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881-ஆம் ஆண்டில் விளக்கிய கேடு இதுவே. அதற்குக் காரணம் தசைக்கு இரத்தம் இல்லாமையே என்று அவர் எடுத்துக்காட்டினார்.

மற்றொரு வழியும் உண்டு. ஆசிரியர் 11 மணி 5 நிமிடத்துக்கு மணிக்கட்டில் நாடி பார்க்கிறார். இடக்கையில் உள்ள நாடி வலக்கையில் இல்லை. கையை மேலும் மடக்காமல், கண்ட நிலையிலேயே அட்டையும் துணியும் வைத்து அசையாமற் கட்டுகிறார். 112 எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கிறார். ‘11 மணிக்கு வீழ்ந்தான், நாடி இல்லை’ என்று சீட்டெழுதிக் கொடுக்கிறார். பிற்பகல் 2 மணிக்குள் சிறுவன் ரண சிகிச்சை மேசையில் இருக்கிறான். எலும்பை இடத்தில் சேர்த்தவுடன் மடங்கிய தமனி நிமிர்ந்து நாடி திரும்புவதே பெரும்பாலும் நிகழ்வது. திரும்பாமல் கை வெளிறிக் குளிர்ந்தே இருந்தால், டாக்டர் உடனே தமனியைத் திறந்து பார்த்துச் சீர்செய்கிறார். இரு வழிகளுக்கும் உள்ள வேற்றுமை, மூன்று விரல்களை மணிக்கட்டில் ஒரு நிமிடம் வைத்ததுதான்.

ஆஸ்பத்திரியில் செய்யப்படும் பரிசோதனை

உறுதிக் குறிகள் உள்ளவரைப் படம் எடுப்பதில் காலம் போக்காமல் நேரே ரண சிகிச்சைக்குக் கொண்டுசெல்வதே பொது விதி. ஐயக் குறிகள் மட்டும் உள்ளோருக்கு எளிய அளவீடு ஒன்று உண்டு. கணுக்காலுக்கு மேலே இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, கேளா ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தைக் கேட்கச் செய்யும் கைக்கருவியின் உதவியால் அங்குள்ள மேல் அழுத்தம் அளக்கப்படுகிறது. அதனைக் காயமற்ற கையின் மேல் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கையில் 120-உம் கணுக்காலில் 90-உம் இருப்பின் விகிதம் 0.75. இது 0.9-க்குக் குறைந்தால் தமனியில் காயம் இருக்கலாம் என்று கொண்டு, மேற்பரிசோதனை செய்ய வேண்டும். கையின் காயத்திலும் இவ்வாறே காயமடைந்த மணிக்கட்டை மற்றக் கையுடன் ஒப்பிடலாம்.

மேற்பரிசோதனையாவது, எக்ஸ்ரே கதிருக்குத் தெரியும் மருந்தை இரத்தத்தில் செலுத்திக் குழாய்களைப் படமெடுத்தல். போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ் 1927-ஆம் ஆண்டில் மூளையின் தமனிகளுக்கு முதலில் கையாண்ட முறை இது. இன்று கணினி வழிப் பல தளப் படமாக, சில நிமிடங்களில் எடுக்கப்படுகிறது.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

இரத்தப்போக்கை நிறுத்தும் முயற்சி தொன்மையானது. சுச்ருத சம்ஹிதை இதற்கு நான்கு உபாயங்களைக் கூறுகிறது. அவை துவர்ப்புப் பொருள், குளிர்ச்சி, சாம்பல், சூடிடுதல் ஆகியவற்றால் ஆவன. பிரான்சு நாட்டு அம்புரோஸ் பரே 16-ஆம் நூற்றாண்டில், உறுப்புக்களை வெட்டியகற்றும்போது தமனியைச் சுடுவதற்கு மாற்றாக நூலால் கட்டும் முறையைப் போர்க்களத்தில் கையாண்டார். இவை யாவும் உயிரைக் காக்கும் வழிகள். கட்டப்பட்ட குழாயின் கீழுள்ள உறுப்பைக் காக்கும் வழி அல்ல.

அறுந்த குழாயை மீண்டும் தைக்க இயலும் என்பதை லியோன் நகரைச் சேர்ந்த அலெக்ஸிஸ் காரல் 1902-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையால் நிலைநாட்டினார். வட்டமான வாயில் மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்தால் அது முக்கோணமாகிறது. நேரான ஓரங்களைத் தைப்பது எளிது. இப்பணிக்காக 1912-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் அம்முறை போர்க்களத்தில் பரவ நெடுங்காலம் ஆயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினரிடம் ஏற்பட்ட 2,471 தமனிக் காயங்களை ஆராய்ந்து டிபேக்கியும் சிமியோனும் 1946-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தமனியைக் கட்டிவிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவ்வுறுப்பை இழந்தனர். முழங்காற் குழித் தமனியைக் கட்டியவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் காலை இழந்தனர். தைத்துச் சீர்செய்ய முயன்றவை 81 மட்டுமே. காயம்பட்டவர் சிகிச்சை இடத்தை அடைவதற்குள் காலம் கடந்திருந்ததே இதற்கு முதற் காரணம். 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரிய யுத்தத்தில் ஹெலிகாப்டர்களும் முன்னணி ஆஸ்பத்திரிகளும் அக்காலத்தைச் சுருக்கின. தமனிகளைத் தைப்பது வழக்கமாயிற்று. உறுப்பிழப்பு நூற்றுக்குப் பதின்மூன்று அளவுக்குக் குறைந்தது. ஊசியும் நூலும் 1902 முதலே இருந்தன; விரைவு சேர்ந்தபோதுதான் அவை பயன் தந்தன.

இன்றைய ரண சிகிச்சை

முதலில் இழந்த இரத்தம் ஈடுசெய்யப்படுகிறது. இரத்த உறைவு கரைவதைத் தடுக்கும் டிரனெக்சாமிக் அமிலத்தைக் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கினால் ஏற்படும் மரணம் குறைகிறது என்பதை 20,211 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு காட்டியது. கிருமிநாசினி மருந்தும் தனுர்வாத ஊசியும் உடன் கொடுக்கப்படுகின்றன.

அடுத்து, காயத்துக்கு மேலும் கீழும் தமனி பிடிக்கப்பட்டு, நைந்த முனைகள் வெட்டி நீக்கப்படுகின்றன. நுனியில் சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்தி, பலூனை ஊதி வெளியே இழுத்தால், உள்ளே உறைந்த இரத்தம் உடன் வந்துவிடும். தாமஸ் ஃபோகார்ட்டி 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட சாதனம் இது. எலும்பையும் பொருத்த வேண்டியிருப்பின், தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் குழாயை இரு முனைகளுக்கும் இடையே இணைத்துக் காலுக்கு இரத்தம் ஓடவிட்டபின், எலும்பு நிதானமாகப் பொருத்தப்படுகிறது.

இரு முனைகளும் இழுப்பின்றிச் சேருமாயின் நேராகத் தைக்கப்படும். இடைவெளி பெரிதாயின் நோயாளியின் மற்றக் காலிலிருந்து தோலடிச் சிரையின் ஒரு துண்டை எடுத்து இடையில் வைத்துத் தைப்பர். சிரையில் ஒருவழிக் கதவுகள் உண்டு. ஆதலின் அத்துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலன்றி இரத்தம் ஓடாது. தைத்த இடத்தை உயிருள்ள தசையால் மூடிவிடுவதும் அவசியம்.

இரத்தம் திரும்பியதும் வேலை முடிவதில்லை. பட்டினி கிடந்த தசை இரத்தம் பெற்றவுடன் வீங்குகிறது. கெண்டைக்காலின் தசைகள் இறுகிய உறையால் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டவை. அறை விரியாததால் உள்ளழுத்தம் மிகுந்து, நுண்குழாய்களில் ஓட்டம் நிற்கிறது. அப்போதும் பாதத்தில் நாடி தென்படலாம் என்பது கவனிக்கத்தக்கது. காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலியும், விரலைப் பிறர் நீட்டும்போது மிகும் வலியும் இதன் குறிகள். உறையை நீளவாட்டில் கீறித் திறந்துவிடுதலே இதற்குச் சிகிச்சை.

காலம் பெரிதும் கடந்து தசை மடிந்துவிட்டிருப்பின், இரத்தத்தைத் திருப்புவதே அபாயமாகலாம். மடிந்த தசையிலிருந்து பொட்டாசியமும் தசைநிறமியும் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அந்நிலையில் உயிரைக் காக்க உறுப்பை அகற்றுவதன்றி வேறு வழி இராது.

அனுப்பும் சீட்டு

எல்லா ஆஸ்பத்திரிகளிலும் தமனியைத் தைக்க வல்லவர் இருப்பதில்லை. ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து வேறிடம், அங்கிருந்து மற்றோரிடம் என அலையும் நேரமும் அந்த 6 மணி நேரத்தில் அடங்கியதே. கணக்கு ஆஸ்பத்திரியை அடைந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. காயம்பட்ட நேரத்திலிருந்தே தொடங்குகிறது. ஆகவே தம் பகுதியில் இத்தகைய ரண சிகிச்சை எங்கே இரவும் பகலும் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு சுகாதார ஊழியரும் முன்னதாகவே விசாரித்து, அத்தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதிவைத்தல் நலம். விபத்தில் உதவினால் வழக்கில் அகப்பட நேரும் என்ற அச்சமும் வேண்டுவதில்லை. நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளித்துள்ளது. அவர் தம் பெயரைக் கூறவும் கட்டாயப்படுத்தப்படமாட்டார்.

காயமுற்றவருடன் அனுப்பும் சீட்டில் ஐந்து செய்திகள் போதும்: காயம்பட்ட நேரம், காயம்பட்ட விதம், காயத்துக்குக் கீழே நாடி உண்டா, இல்லையா, எந்நேரம் பார்க்கப்பட்டது, விரல்களில் அசைவும் உணர்வும் உண்டா, இறுக்குக்கட்டு போட்டிருப்பின் போட்ட நேரம். பள்ளிகளில் முதலுதவி கற்பிக்கும் ஆசிரியர், மாணவர் ஒவ்வொருவரையும் அடுத்தவரின் மணிக்கட்டிலும் பாதத்திலும் நாடியைக் கண்டுபிடிக்கச் செய்யலாம். அதற்கு ஒரு பாடவேளை போதும்; செலவு ஏதுமில்லை. நாடி எங்கே இருக்கும் என்று அறிந்தவருக்கே அது இல்லாதபோது அதன் இன்மை புலப்படும்.